எட்டும் கருப்பு

மருதமுனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார் லாபிர் காக்கா.
பின்னால் கட்டிய மீன்பெட்டிக்குள்
நான் விற்ற கருப்புச் சோடியில் பெட்டை,
கூடவே அதன் ஏழு குட்டிகள்.
"கருப்புக்குக் கருப்புத்தானே சேத்த?
இதென்ன புள்ள, மூணு சாம்பல்?"

களுதாவளை வெயிலில் வெற்றிலைக்கு நீர் இறைத்த
பக்கத்து வளவுப் பம்பு நின்றது, காது கொடுக்க.
"கூடு மாறி ஏதும் பாஞ்சிருக்குமோ" என்றார்
குரலைத் தாழ்த்தி,
யாரோ வீட்டுக் குமரைப் பற்றிப் பேசுவதுபோல.

பாயவில்லை.
சீமெந்துத் தரையில் கரித்துண்டால் கோடு போட்டேன்.
நாலு பெட்டி.
தாயிடம் இரண்டு, தகப்பனிடம் இரண்டு,
கொடுத்தனுப்புவது ஆளுக்கு ஒன்றுதான்.
கருப்பை அடர்த்தியாக விடுகிற பரம்பரையலகு
ஒன்று வந்தாலே குட்டி கருப்பு.
கருப்பைத் தண்ணியாக்குகிறதோ
இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வாய் திறக்கும்.
அதுவரை கருப்புத் தோலுக்குள்
வாடகை கொடுக்காமல் குடியிருக்கும்.

"நாலுக்கு ஒண்டெண்டா, ஏழுக்கு மூணு எப்பிடி?"
ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு காசு, புதிதாகச் சுண்டியது.
போன குட்டிக்கு என்ன விழுந்ததென்று
காசுக்கு ஞாபகமில்லை, காக்கா.

அவர் தறிக்காரர். கோட்டின் பக்கத்தில் குந்தினார்.
"விளங்குது. பாவில ஒரு சாம்பல் நூல்.
ஊடை மூடினா சாறத்தில தெரியாது."
கிட்டத்தட்ட.
ஆனால் நூல் நீங்கள் இழுத்த இடத்திலேயே கிடக்கும்,
இது ஈத்துக்கு ஈத்து கை மாறும்,
மாறாமலும் போகும்.

வெள்ளையைப் பற்றி அவருக்கு நான் சொல்லவில்லை.
ஏறாவூரில் வாங்கிய செங்கண் வெள்ளைக் கடுவனுக்கு
என் கருப்பி போட்டது
ஆறும் காட்டுமுயல் நிறம்.
வெள்ளை நிறமில்லை, போர்வை.
உள்ளே படுத்திருப்பது யாரென்று
போர்வையைக் கேட்டு என்ன பயன்.

"அப்ப சுத்தக் கருப்பு எது? அதத் தா."

அதற்கு என்னிடம் விடையில்லை, ஒரு வழி இருந்தது.
சந்தேகமான கருப்பைச் சாம்பல் கடுவனோடு விட்டு
முப்பத்தொரு நாள் பொறுக்க வேண்டும்.
ஒரேயொரு சாம்பல் விழுந்தாலும் வழக்குத் தீர்ந்தது.
விழாவிட்டால் தீராது.

இன்று விடிய மூன்றாம் கூட்டில்
தாய் பிடுங்கிப் போட்ட மயிர்ப்பஞ்சை விலக்கினேன்.
எட்டு.
விரலளவு, மொட்டை,
தோலிலேயே நிறம் தெரிகிறது.
எட்டும் கருப்பு.

கொப்பியில் 'சுத்தம்' என்று எழுதப்போய்
'சு'வோடு நிறுத்தினேன்.
உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டே
எட்டையும் கருப்பாய்ப் போட
இருநூற்றைம்பத்தாறில் ஒரு தடவை முடியும்.
அந்த ஒரு தடவை
இந்தக் கூட்டில் மூச்சடக்கிக் கிடக்கலாம்.
சுவை வெட்டிவிட்டு
'எட்டு. கருப்பு.' என்று எழுதினேன்.

போனில் தறிச் சத்தத்துக்கு மேலால் கத்தினார் காக்கா:
"அப்ப சுத்தம்தானே?"
இன்னொரு ஈத்துப் பாப்பம் என்றேன்.
"சரி சரி,
விலைய இப்பவே சொல்லிரு."