எண் இல்லாத வண்டி

முதல் தகவல் அறிக்கையில் அதற்குப் பெயர்
'பதிவெண் இல்லாத, மோட்டார் பொருத்திய மீன்பாடி வண்டி.'
பின்பலகையில் பச்சைப் பெயிண்டில் ஒரு நங்கூரமும்
'மெதுவா வா ராஜா'வும் இருந்ததை
ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னேன்.
ஏட்டு எழுதிக்கொள்ளவில்லை.

பேப்பர் மில்ஸ் ரோடு, காலை ஒன்பதே கால்.
வண்டியைவிட இரண்டு மடங்கு நீளம் கம்பி.
நுனியில் ஒரு சிவப்புத் துணிகூட இல்லை.
வண்டி திரும்பிவிட்டது,
கம்பி இன்னும் திரும்பவில்லை,
நடுவில் நான்.

நான் புருவம் திருத்துகிறவள்.
நூலின் ஒரு முனை பல்லில்,
ஒரு முனை இடக்கையில்.
வெட்டுவது வலக்கையின் இரண்டு விரல்.
ஒரு ஜோடி நாற்பது ரூபாய்.

சம்பளச் சீட்டு கேட்டார்கள்.
நாள்காட்டியைக் கொண்டுபோனேன்.
முகூர்த்த நாளில் முப்பது முகம் வரும் ஐயா,
ஆடியில் மூன்று.
நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
'உத்தேச வருமானம் ஒன்பதாயிரம்' என்றார்.
என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில்
உத்தேசமாகப் பணம் கட்ட முடியாது.

மருத்துவக் குழு முன்னால்
மடக்குங்க என்றார்கள்.
இன்னும்.
இன்னும் கொஞ்சம்மா.
முப்பத்தெட்டு சதவீதம் என்று சீல் குத்தினார்கள்.
மீதி அறுபத்திரண்டை வைத்துக்கொண்டு
பால் பாக்கெட் கிழிக்கலாம்,
சாமி கும்பிடலாம்.
நூல் மட்டும் நிற்காது.

வக்கீல் கஜபதி முதல் நாளே சொன்னார்:
"எதிர்ல இன்சூரன்ஸ் கம்பெனி இருந்தா
யானையோட மல்லுக்கட்டுற மாதிரி,
தோத்தாலும் ரெண்டு தென்னை மட்டையாவது கிடைக்கும்.
இது எறும்புகிட்ட தந்தம் கேக்குற கேஸும்மா."

டவாலி மூன்று முறை கூவினார்:
துலுக்காணம், துலுக்காணம், துலுக்காணம்.
முதல் கூவலிலேயே அவர் வந்து நின்றிருந்தார்,
மடிப்பு கலையாத புதுச் சட்டையில்,
காலரின் அட்டையைக்கூட எடுக்காமல்.
ஏன் இன்சூரன்ஸ் போடவில்லை?
"நம்பரே இல்லாத வண்டிக்கு எவன் சார் போடுவான்?"
கோர்ட்டில் சிரித்தார்கள்.
சிரிக்காத இரண்டு பேர்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்,
ஏழரை சதவீத வட்டியோடு.
ஏழரை என்றதும் எழுத்தர் லேசாக இருமினார்.

பிறகு நிறைவேற்று மனு.
அமீனா போய்ப் பார்த்து எழுதி வந்தார்:
பழைய ஸ்கூட்டர் எஞ்சின் ஒன்று, டயர் மூன்று,
ஒன்று வழுக்கை.
மதிப்பு எட்டாயிரம்.
ஜப்தி பண்ணிடலாமா என்றார் வக்கீல்.
வேண்டாம் என்றேன்.
"மனசு இளகிட்டியாம்மா?"
இளகவில்லை சார்.
வண்டி போனால் வாரம் முந்நூறும் போகும்.

சனிக்கிழமை ராத்திரி போன் பேசுகிறது,
முந்நூறு ரூபாய் வந்திருக்கிறது என்று.
சில சனிக்கிழமை பேசாமல் இருக்கிறது.
ஒரு மழை வாரத்தில் எழுபது வந்தது.
வருஷத்துக்கு வட்டியே முப்பதாயிரத்துச் சொச்சம்.
அவர் கட்டக் கட்ட
அந்தப் பக்கம் கடன் வளர்ந்துகொண்டே இருக்கும்.
நூறு வயசு வரை இருவரும் இருந்தாலும்
கணக்கு முடியாது.
அவருக்கு இது தெரியுமா, தெரியவில்லை.
நான் சொல்லவில்லை.

இடக்கைக்கு நூல் பழக்குகிறேன்.
முதல் முகம் என்னுடையதுதான்.
ஒரு புருவம் மேலேறிவிட்டது,
யாரையோ 'என்ன?' என்று கேட்பதுபோல.
கண்ணாடி முன் அதற்குப் பழகிவிட்டேன்.
மகளுக்கு அது பிடித்திருக்கிறதாம்.

போன செவ்வாய், ஓட்டேரி சிக்னல்.
ஷேர் ஆட்டோவில் ஐந்தாவது ஆளாக
விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.
முன்னால் பச்சை நங்கூரம்.
கம்பி நுனியில்
ஏதோ ஒரு பழைய பாவாடையில் கிழித்த
சிவப்புத் துணி.

நல்ல சிவப்பு.
எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும்.
அதன் விலை எனக்குத் தெரியும்,
பைசா சுத்தமாக.