சதகுப்பை

சதகுப்பை இருக்கான்னு
கையில சீட்டோட வந்து நின்னா லரீசா.
செட்டிகுளத்துல என் கடைக்கு எதிர்த்த மாடி,
அணு உலைக்கு வேலைக்கு வந்த ரஷ்யாக்காரர் பொஞ்சாதி.
நான் கேட்டேன்:
யாருக்குப் பிரசவம்?

எங்களுக்கு அது
பிள்ளை பெத்தவளுக்குக் காயம் இடிக்கையில
திப்பிலியோட சேர்ற சரக்கு.
அவளுக்குக் கீரை.
கிழங்கு மேல தூவாட்டா
பிறந்தநாளே இல்லையாம்.

வள்ளியூர் நாட்டு மருந்துக் கடையில
நூறு கிராம் வரவச்சேன்.
மோந்து பாத்தவ கண்ணை மூடிக்கிட்டா.
தும்மப் போறாளோன்னு நெனச்சேன்.

பெயிண்ட் டப்பாவுல விதைச்சா.
காத்தாடிக்குன்னே வீசுற ஆடிக் காத்து
ரெண்டு தடவை தலையைக் கிள்ளிப் போட்டுச்சு.
மூணாவது முளைய
குளியலறை சன்னல்ல ஒளிச்சு வளத்தா.

ஐப்பசி பதினெட்டு
மக தஸ்யாவுக்கு ஆறு வயசு முடியுது.
நாலு நாள் முன்னாலயே
மிட்டாயை நீட்டி வாழ்த்திட்டேன்.
லரீசா முகம் வெளுத்துப் போச்சு,
வெளுக்க அதுல இன்னும் எடம் இருந்திருக்கு.
முன்கூட்டி வாழ்த்துனா ஆகாதாம்.
கடைப் பலகையில மூணு தட்டு தட்டினா.
பல்லி சொன்னா நாங்க தட்டுவோம்லா,
அந்தத் தட்டுதான்.

ஆறு மணிக்கு வரச் சொன்னா.
ஏழே கால் ஆயிட்டு நாங்க போக.
நான், என் வீட்டுக்காரர்,
இடிந்தகரை மீன்காரி அருளம்மை,
வெல்டர் சுடலைமுத்து, அவன் பொஞ்சாதி, மூணு பிள்ளையள்.
ஆறு மணியில இருந்து
வாசல்லயே நின்னிருக்கா போல,
கதவுக் கைப்பிடி சூடா இருந்துச்சு.

மேசையில எல்லாம் ஒரேயடியா இருந்துச்சு:
பீட்ரூட், முட்டை, கிழங்கு, கேக்கு.
வினிகர்ல கெடந்த சாளையைப் பாத்து
அருளம்மை என் காதுல சொன்னா,
"காலையில நான் குடுத்த மீனுட்டி.
வேகவே இல்ல."

உக்காந்தோம்.
விளம்புவாங்கன்னு நாங்க இருக்கோம்.
எடுப்பாங்கன்னு அவ நிக்கா.
ஃபேன் சுத்துது.
சுடலைமுத்து கடைக்குட்டி எச்சில் முழுங்கினது
எல்லாருக்கும் கேட்டுச்சு.

கடைசியில அருளம்மைதான் எந்திரிச்சா.
முந்தியைச் சொருகி, கரண்டியைப் புடிச்சு,
வீட்டுக்காரியையும் பிள்ளையையும் உக்கார வச்சு
பந்தி விளம்ப ஆரம்பிச்சா.
லரீசா "போதும்"னா, தமிழ்லயே.
முதல் போதும் கணக்குல சேராதுன்னு
யாரும் அவளுக்குச் சொல்லலை.
கிழங்கு குமிஞ்சு போச்சு.

அப்புறம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு
பிள்ளைக்கு நாலு வார்த்தை சொல்லணுமாம்.
என் வீட்டுக்காரர் எந்திரிச்சாரு.
இருபத்தாறு வருசமா என்கிட்ட
நாலு வார்த்தை சேத்துப் பேசாத மனுசன்.
"நல்லா இரி தாயி.
காத்துக்குப் பயப்படாத" ன்னாரு.
லரீசா கை தட்டினா.
என் பிறந்தநாள் என்னைக்குன்னு அவருக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது.
மே மாசம்னு இருக்கது
ஒண்ணாப்பு வாத்தியார் போட்டது.

வாரோம்னு சொல்லிட்டுப் படியிறங்கினோம்.
போறேன்னு சொல்ல நாக்கு வராது நமக்கு.

பத்தரைக்குக் கடையச் சாத்துறேன்.
மாடியில வெளிச்சம்.
சன்னல் வழியாத் தெரியுது:
கழுவின கப்பெல்லாம் திரும்ப வரிசையா,
அடுப்புல கெண்டில், ஆவி.
தெருவைப் பாத்து நிக்கா.
வாரோம்னோம்லா.
நம்பிட்டா.

பூட்டைப் போட்டேன்.
சாவியை இடுப்புல சொருகி
திரும்பப் படியேறினேன்.
அவ ஆச்சரியப்படலை.
"இப்பதான் வாற" ன்னு கேக்க மாதிரி
நாற்காலியை இழுத்துப் போட்டு
தேயிலை ஊத்தினா.
பிள்ளை சோபாவுல உறங்குது,
ஒரு கையில பலூன் நூல்.

மிச்சக் கிழங்கு மேல வாடிக் கெடந்த சதகுப்பை
என் மூத்தவளப் பெத்த அறையா மணந்துச்சு.
அவளுக்கு என்ன மணந்துச்சோ.
கேக்கதுக்கு
ரெண்டு பேருகிட்டயும் வார்த்தை இல்ல.

கரண்டியை நானே எடுத்தேன்.
சாளைப் பக்கம் போகலை.