மழை நாள் வருகை

மழை பெய்தால் பதினெட்டுப் பேர்.
வெயிலடித்தால் நானும் கரும்பலகையும்.
அனுப்பானடியில் அப்பளம் காய்வது
வெயிலை நம்பித்தான் என்பது
எனக்குப் பிடிபட இரண்டு மாதம்.

மழைக்கு வேண்டிக்கொண்டேன், முதலில்.
பஞ்சவர்ணம் சொன்னாள்:
"ஈரத்துக்குக் கூலி கிடையாது டீச்சர்.
நாங்க நெறஞ்சு ஒக்காந்திருந்தா
அன்னைக்கு அடுப்புல ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்."
அன்றிரவு பதிவேட்டைத் திறக்கக் கூசியது.

வகுப்பை மொட்டைமாடிக்கு ஏற்றினேன்.
ஒரு பக்கம் காய்ந்து
மறுபக்கம் திருப்புவதற்குள் கிடைக்கிற முக்கால் மணி நேரம்.
தண்ணீர்த்தொட்டியின் நிழல் நகர நகர
'க' வரிசையும் நகரும்.
எண்ணிக்கை ஏறியது: ஒன்பது, பதிமூன்று, பதினேழு.

ஒச்சம்மா மட்டும் வரவில்லை.
ரேஷன் கடையில் கையெழுத்துப் போடப் போய்
'ச்ச'வில் நின்றுவிட்டாள்.
பின்னால் யாரோ சிரிக்க
மறுபடி மைப்பெட்டிக்கே நீட்டினாள் பெருவிரலை.

வா என்று நான் சொல்லவில்லை.
பக்கத்தில் குந்தி ஒரு உருண்டையை எடுத்துத் தேய்த்தேன்.
வட்டம் வரவே இல்லை;
ஒன்று வைகையைப் போல் இழுத்துக்கொண்டு போனது,
இன்னொன்றில் ஓட்டை.
"படிச்சவுகளுக்கு இதுகூட வராதா?"
சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி அவளுக்கு.
என் மணிக்கட்டைப் பிடித்துக்
கட்டையை உருட்ட வைத்தாள். பத்துத் தடவை.

வியாழக்கிழமை படியேறி வந்தாள்.
நல்ல வெயில்.