நாற்பத்தாறாம் அளவு

எய்பாரில் மழை விழுவதில்லை,
தொங்கிக்கொண்டிருக்கும்.
பாஸ்க் மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கு முழுக்க ஈரம்.
எங்கள் கூடத்தில் மட்டும்
டைட்டானியத் தூளுக்காகக்
காற்றைப் பிழிந்து காயவைத்திருக்கிறோம்.
அந்த மின்கட்டணமும் என் தாளில்தான் ஏறுகிறது.

சைக்கிள் சட்டத்துக்கு மூட்டுகள் அச்சிடுகிறோம்,
குழாயும் குழாயும் சந்திக்கும் இடங்கள்:
கழுத்து, இருக்கைக்குக் கீழே, மிதிகட்டை அச்சு.
நாற்பத்தாறிலிருந்து அறுபத்திரண்டு வரை
ஒன்பது அளவுகள்.
ஒரே வீட்டுப் பிள்ளைகள்.
மூக்கு ஒன்று, உயரம் வேறு.

"குடும்பம் பெரிசு" என்றார் முதலாளி கரிகோயிட்ஸ்.
"ஐந்தாகக் குறை.
வருஷத்துக்கு ஆறு பேர் வாங்கும் நாற்பத்தாறை
முதலில் வெட்டு."
வார்ப்பாலையில் வளர்ந்தவர்.
அங்கே வடிவத்துக்கு ஓர் இரும்பு அச்சு,
அச்சுக்கு ஒரு கடன்.
இங்கே வார்ப்பச்சே கிடையாது.
வடிவம் மாறினால் லேசருக்கு என்ன போச்சு?

அப்படித்தான் நானும் மூன்று மாதம் மார்தட்டினேன்.
பிறகு சிகோரின் மேசைக்குப் போனேன்.

குறடு, அரம், கிழிந்த கையுறை,
ஒரு டப்பா நிறைய முட்டுக்கால்கள்.
அந்தரத்தில் நீளும் உலோகம் தொய்யாமல் இருக்க
நாமே அச்சிட்டு
நாமே பிய்த்தெறிபவை.
கழுத்து மூட்டு ஒன்றுக்கு நாற்பது நிமிஷம்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
"இதை வரைந்தது யார்?" என்று கேட்டான் சிகோர்,
தெரிந்தே.

அன்றிரவு வட்டத் துளைகளை எல்லாம்
நீர்த்துளி வடிவமாக மாற்றினேன்.
துளியின் கூர்நுனி மேலே இருந்தால்
கூரை தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும்.
மிதிகட்டை அச்சு மூட்டு
ஒன்பது பேருக்கும் ஒன்றே என்று முடிவாயிற்று.
கழுத்து மட்டும் அவரவர் கழுத்து.

அடுத்தது உயரம்.
நிமிர்ந்து நின்றால் நூற்று நாற்பது மில்லிமீட்டர்,
மூவாயிரத்து ஐந்நூறு அடுக்கு.
அடுக்குக்கு ஒன்பது விநாடி, தூளைப் பரப்ப மட்டும்:
எட்டே முக்கால் மணி நேரம்.
தட்டில் ஒரு மூட்டு இருந்தாலும் அதே,
இருபது இருந்தாலும் அதே.
சாய்த்துப் படுக்கவைத்தால்
இரண்டாயிரத்து நானூறு அடுக்கு, ஆறு மணி நேரம்.
இரண்டே முக்கால் மணி நேரம்
ஒரு கோணத்துக்குள் ஒளிந்திருந்தது.

சாய்ந்த பெரியவற்றுக்கு நடுவே
தட்டில் சந்துகள் விழுந்தன.
வேறு எதுவும் நுழையாத சந்துகள்.
நாற்பத்தாறு நுழைந்தது.

பஸ்ஸில்
மடியில் உட்கார்ந்து வரும் பிள்ளைக்கு
யார் டிக்கெட் கிழிக்கிறார்கள்?
கொஞ்சம் தூள், கொஞ்சம் லேசர்,
மீதியைப் பெரியவை ஏற்கெனவே கட்டிவிட்டன.

தாளை நீட்டினேன்.
கரிகோயிட்ஸ் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து,
மறுபடி மாட்டினார்.
"சோதனைச் செலவு?"

அங்கேதான் மாட்டினேன்.
ஒவ்வோர் அளவும் ஆய்வகத்தில்
லட்சம் தடவை உதை வாங்க வேண்டும்.
லேசருக்கு வடிவம் இலவசம்,
சான்றிதழுக்கு இல்லை.

நெகானேயோடு ஒன்பது நாள் பேரம்.
கடைசியில் இறங்கிவந்தாள்:
மூத்ததும் இளையதும் தாங்கினால்
நடுவில் உள்ள ஏழுக்கும் அது போதும்.
வெட்டச் சொன்ன நாற்பத்தாறுதான்
இப்போது மற்றவற்றுக்கு ஜாமீன்.

இரண்டும் தாங்கின.
பெருமைக்காக, யாரும் கேட்காமலே,
ஐம்பத்திநான்கையும் ஏற்றிப் பார்த்தேன்.

அறுபத்தோராயிரமாவது உதையில்
முடி அளவு ஒரு கீறல்.

ஏன் என்று தெரியவில்லை.
தூளா, சாய்வா, என் நீர்த்துளியின் நுனியா,
நெகானேக்கும் தெரியவில்லை.
ஜாமீன் ரத்து. அதற்குத் தனிச் சோதனை,
தாளில் தனி வரி, சிவப்பில்.

அதிகம் விற்பதும் அதுதான்.