ஐந்தரை அங்குலம்

காக்கி புக்கிட் பட்டறை, ஐந்தாம் தளம்.
வளைபாதையில் லாரி ஏறும்போதெல்லாம்
தகரத் தட்டில் நட்டுகள் சிணுங்குகின்றன.
தரையில் இரண்டு ஆக்ஸில்:
என் சுசுகியிலிருந்து கழற்றிய ஒல்லி ஒன்று,
எவனோ ஒருவனுடைய ஹைலக்ஸில்
சிமெண்டு சுமந்து தடித்த இன்னொன்று.
"முடிவு பண்ணிட்டியா?" என்கிறான் லயனல் கோ,
கோப்பி பையின் கயிற்றை விரலில் சுற்றியபடி.

ஒல்லிக்கு ஐந்து போல்ட்.
தடிக்கு ஆறு.
இரண்டும் நிற்பது ஒரே அளவு வட்டத்தில்,
ஐந்தரை அங்குலம்.
அதை நம்பித்தான் முதலில் ஏமாந்தேன்.
ஒரு போல்ட் நுழையும்,
மற்றவை இரும்பில் முட்டி நிற்கும்.
அதே மாடி, அதே கதவு எண்,
பக்கத்து புளோக்கில் போய்ச்
சாவி போட்டுத் திருகிய மாதிரி.

ஆறை அளக்கக் கணக்கு வேண்டாம்.
ஒன்றின் நடுவிலிருந்து
நேர் எதிரே நிற்பதன் நடுவுக்கு
வெர்னியரை நீட்டினால் போதும்.
ஐந்தில் எதற்கும் எதிரே ஆளில்லை.
ஒவ்வொன்றும் ஒரு இடைவெளியைப் பார்த்து நிற்கிறது.
பக்கத்துப் பக்கத்து இரண்டை அளந்து
ஒன்று புள்ளி ஏழால் பெருக்கி
வட்டத்தை வரவழைக்க வேண்டும்.

பதினோரு வருடம் பெருக்கியிருக்கிறேன்.

போன டிசம்பர், கோத்தா திங்கி,
செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால்
ஆறு என்று யாரும் சொல்லாத ஓர் ஆறு.
என் ரிம் பிளந்தது.
ஸ்பேர் காலையிலேயே செத்திருந்தது.
ரஸிடி தன்னுடையதை உருட்டிக்கொண்டு வந்தான்,
முழங்கால் சேற்றில், ஏதோ பாடிக்கொண்டு.
ஆறு துளை.
வைத்துப் பார்த்தோம்.
திருப்பி வைத்துப் பார்த்தோம்.
பொருந்தாது என்று இருவருக்கும் தெரியும்.
அவன் மனைவி நோர்லியா
டார்ச்சை அணைக்காமல் பிடித்திருந்தாள்,
அவ்வளவு மரியாதை.

"அடாப்டர் போடலாமே,"
லயனல் ஒரு அலுமினிய வில்லையை வைக்கிறான்.
ஒருபக்கம் ஐந்தோடு பேசும், மறுபக்கம் ஆறோடு.
மேடேறும்போது மொத்த பாரமும்
அந்த மொழிபெயர்ப்பாளன் நாக்கில்.
வேண்டாம்.

"பின்னால மட்டும் மாத்து, காசு மிச்சம்."
பின்னால் ஆறு, முன்னால் ஐந்து.
அப்புறம் ஸ்பேர் இரண்டு சுமக்கணும்,
இல்லை, எந்தக் கால் உடையும் என்று
வீட்டிலேயே தெரிந்திருக்கணும்.

வீட்டில்,
பாம் ஷெல்டரில், அரிசி மூட்டைக்கு அருகே
ஐந்து துளை ரிம்கள் நாலு.
தயாபரன் வாங்கியவை.
பெர்த்துக்குப் போகிற அன்று,
மின்தூக்கிக் கதவைக் காலால் தடுத்தபடி,
"வச்சுக்க, உனக்குத்தான் பொருந்தும்" என்றான்.
அன்றைக்கு அது உண்மை.
ஒருமுறைகூட மாட்டவில்லை.
மாதத்துக்கு ஒருமுறை தூசி மட்டும் தட்டுவேன்,
துளைகளை எண்ணுவேன்,
குறைந்துவிடுமா என்ன.

யாரோடு போகிறேனோ
அவர்கள் ஸ்பேர் எனக்கு ஆகணும்.
என்னுடையது அவர்களுக்கு.
எழுதிக் காட்டினால் இவ்வளவுதான் காரணம்.
"முன்னும் பின்னும் ஆறு," என்றேன்.
"அனுமதிக் கடிதம்?"
"கேட்டிருக்கேன்."
"வருமா?"
"கேட்டிருக்கேன்."

ரிம்களை விற்கப் போட்டேன்.
உட்லண்ட்ஸிலிருந்து ஒரு பையன்,
கையில் சொந்தமாக வெர்னியர்.
அளந்தான், உதடு அசையப் பெருக்கினான்,
பேரம் பேசாமல் எடுத்துப் போனான்.
ஷெல்டர் தரையில் நாலு வட்டம் இருந்தது.
அரிசி மூட்டையை நகர்த்தி வைத்தேன்.

சனிக்கிழமை முதல் சக்கரம்.
ரஸிடியின் ஸ்பேரையே கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.
ஆறும் ஒரே மூச்சில் உள்ளே போயின.
லயனல் ஸ்பேனரை என்னிடம் நீட்டினான்.
கை தன் பழக்கத்தில்
ஒன்றுவிட்டு ஒன்றாகத் தாவியது.
ஐந்தில் அப்படித் தாவினால்
ஒரு நட்சத்திரம் வரைந்து
எல்லாவற்றையும் தொட்டுவிடலாம்.
இங்கே மூன்று முடுக்கியதும்
புறப்பட்ட நட்டுக்கே வந்து நின்றேன்.
மீதி மூன்றும்
விரலுக்கே கழன்றுவரும் தளர்ச்சியில்,
ரஸிடி பார்க்காத மாதிரி
கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.