முப்பது மில்லி

இருமல் மருந்து பாட்டிலின் மூடிதான்
இப்போது என் டம்ளர்.
முப்பது மில்லி.
ஆரம்ப வாரங்களில் கால் மணிக்கொருமுறை
பிலோமினா ஊற்றித் தருவாள்,
ரேஷன் கடைக்காரர்போல் நோட்டில் கோடு போட்டுக்கொண்டு.

வயிற்றில் முக்கால் பாகத்தை எடுத்துவிட்டார்கள்.
மீதி ஓர் ஏலக்கிப் பழ அளவு என்றார் டாக்டர்.
எடுத்ததை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.
லேபுக்குப் போகும் என்றார், அடுத்த ஃபைலைப் புரட்டியபடி.
நாற்பத்தாறு வருஷம் என் கூடவே உழைத்தது.
ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்.

பசி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது.
ஆனாலும் அதன் பெயருக்குத்
தபால் வந்துகொண்டேயிருக்கிறது.
ஞாயிறு பதினொரு மணிக்கு ஓட்டேரி முனையில்
தம் உடைக்கும் வாசனை
மூன்று மாடி ஏறி வந்து
அழைப்பு மணி அடிக்காமலே உள்ளே நிற்கிறது.

தாவூத் மகள் கல்யாணத்தில்
ஒரு துண்டுக் கறியை இருபத்தைந்து முறை மென்றேன்.
எண்ணிக்கொண்டுதான்.
என் இரு பக்கமும் பந்தி மாறிவிட்டது.
வாளியோடு நின்ற பையன் கலவரமானான்:
"இன்னா அங்கிள், கறி வேகலையா?"
"வெந்துருக்குப்பா. நான்தான் வேகல."
அவனுக்குப் புரியவில்லை.
நானும் புரிந்து சொன்னதில்லை.
பிறகு யாரும் பார்க்காதபோது
ஒரு ஸ்பூன் பிரெட் அல்வா.
பத்தே நிமிஷம். நெஞ்சு தடதடக்க, சட்டை நனைய,
மண்டப வாசலில் யாருடைய பைக்கிலோ
சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.
எதிரே ஃபிளெக்ஸில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தொரு கிலோ.
"இதுக்கு மேல புடிச்சா பின்பாக்கெட் ரெண்டும்
ஒண்ணாயிடும் சார்" என்று
பேன்டைத் திருப்பித் தந்துவிட்டார் டெய்லர் ஏகாம்பரம்.
தோலுக்கு மட்டும் இன்னும் தகவல் போகவில்லை,
பழைய ஆள் வருவான் என்று தொங்கிக்கொண்டிருக்கிறது.
சீப்பு நிறைய முடி.
லிஃப்டில் பார்க்கிறவர்கள் குரலைத் தாழ்த்தி
"சுகரா?" என்கிறார்கள்.
ஆமாம் என்றால் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள்.

புளியந்தோப்பு கேரம் சங்கத்தில்
ஏழு வருஷம் ஸ்கோர் எழுதினவன் நான்.
குனிந்தால் தொப்பை முதலில் போர்டைத் தொடும்,
காய்கள் நகரும்,
"அண்ணே..." என்று இழுப்பார்கள்.
ஒருநாள் நாற்காலியும் பேனாவும் கொடுத்து
மரியாதையாக ஓரமாய் உட்கார வைத்தார்கள்.
இப்போது சட்டம் வரை நெருங்கி உட்காருகிறேன்.
வீட்டில் வெனிலா மணக்கும் புரோட்டீன் பவுடர்,
இங்கே போரிக் பவுடர்.
மீசையில் இருப்பது எது என்று பிலோமினா கேட்பாள்.
முதல் ஆட்டம், இருபத்தைந்துக்கு மூன்று.
கையின் தூரம் மாறிப்போயிருந்தது;
ஸ்ட்ரைக்கரே நான்கு முறை குழிக்குள் போனது.
தோற்றதைச் சொல்லிக்கொண்டே வீடு வரை நடந்தேன்,
நடக்க முடிந்ததையும்.

ஒன்பது மணிக்குச் சங்கத்துக்கு பஜ்ஜி வரும்.
நான் மூடியைத் திறப்பேன்.
"அண்ணனுக்குக் கட்டிங் வந்துருச்சு" என்பான் யோவான்.
தினமும் அதே ஜோக். தினமும் சிரிக்கிறோம்.

ஒரு ராத்திரி சீக்கிரம் திரும்பினேன்.
சமையலறைக் கதவு சாத்தியிருந்தது.
உள்ளே கறுக் முறுக்.
திறந்தேன்.
மேடையோரம் நின்றபடி நெத்திலி வறுவல்;
தோளில் கிடந்த துண்டால் சட்டென்று தட்டை மூடினாள்.
ஏழு மாதமாக இப்படித்தானாம்,
நின்றுகொண்டே, கதவைச் சாத்திக்கொண்டு.
அவள் கழுத்தெலும்பு தெரிவதை
அப்போதுதான் பார்த்தேன்.

தட்டை வாங்கிக் கூடத்தில் வைத்தேன்.
"உக்காந்து சாப்புடு. நான் பாக்கணும்."
ஒரே ஒரு நெத்திலியை எடுத்துக்கொண்டேன்.
தலை, நடு, வால்.
முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.
அதற்குள் அவள்
குழம்பைக் கிண்டி ஊற்றி
இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.