மிதிக்காதே

கியூம்ரியில் ஜனவரி. விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
சுவருக்கு அப்பால் வர்செனிக்கின் ஷிகுலி
இருமத் தொடங்குகிறது.

போர்வைக்குள் கிடந்து கேட்கிறேன்.
ஸ்டார்ட்டர் தெம்பாகத்தான் சுற்றுகிறது;
பேட்டரியைக் குற்றம் சொல்ல முடியாது.
சுற்றுகிறது, சுற்றுகிறது,
ஒரு தும்மல்கூட இல்லை.
பிறகு ஜன்னல் இடுக்கு வழியே பெட்ரோல் வாசனை.
மிதிக்கிறாள்.
சோக்கையும் முழுக்க இழுத்துவிட்டு
மிதி மிதியென்று மிதிக்கிறாள்.
மிதிக்காதே, என்கிறேன் உத்தரத்திடம்.

மூன்று வருடமாக
உத்தரம் வழியாகத்தான் அவளோடு பேச்சு.
ஒரு முழ நிலம்.
என் கராஜ் சுவர் அவள் பக்கம்
ஒரு முழம் நகர்ந்துவிட்டதாம்.
அளந்தது அவள் மைத்துனன்.
நாடாவும் அவனுடையது.

மறுபடி சுற்றுகிறாள். இப்போது குரல் இறங்குகிறது.
இன்னும் இரண்டு முறை, பேட்டரியும் போகும்.
ஏழு மணிக்குள் பள்ளிக்கூடத்துக் கொதிகலனை
மூட்டியாக வேண்டியவள் அவள்.
தூக்கம் கெட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டு
பூட்ஸைத் தேடுகிறேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டார்ச்சை என் கையில் கொடுத்தாள்.
சாட்சிக்காரன் காலில் விழுவதைவிட என்று
ஏதோ பழமொழி உண்டே,
அதில் யாரும் யார் காலிலும் விழவில்லை.
நான்தான் பானெட்டுக்குள் குனிந்தேன்.

பிளக்கைக் கழற்றினால் நனைந்த கோழிக்குஞ்சு.
ஆக, பெட்ரோல் வருகிறது, வேண்டியதற்கு மேலேயே.
காயிலின் வயரை எஞ்சின் உடம்பருகே பிடித்து
"சுற்று" என்றேன்.
மூன்று வருடத்தில் முதல் சொல்.
சடக்கென்று நீலம் தாவியது.
காயில் நல்லது. பாயிண்ட்டும் நல்லது.
பிளக் வயரைப் பிடித்தேன். ஒன்றுமில்லை.
காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவே
யாரோ திருடுகிறார்கள்.

"நேற்று மத்தியானம் ஒரே சுற்றில் கிளம்பியதே" என்றாள்.
கிளம்பும். சூட்டில் உலர்ந்திருக்கும்.
"டார்ச்சை அணைத்துவிடு."
"அணைத்தால் எப்படித் தெரியும்?"
"அணைத்தால்தான் தெரியும்."

இருட்டு. எங்கள் மூச்சு மட்டும்.
அவள் சாவியைத் திருப்ப,
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல்
மயிரிழை மாதிரி ஒரு நீல நரம்பு
ஓடி, மறைந்து, அதே வழியில் மறுபடி ஓடியது.
விரிசல். அதில் பனி உருகிய ஈரம்.
பிளக்குக்குப் போகவேண்டிய நெருப்பு
குறுக்குப் பாதையில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

அவள் சமையலறையில் கத்தி முனையால்
அந்தக் கருங்கோட்டைச் சுரண்டினேன்.
ஓட்காவால் துடைத்தேன்.
"மேலே பூச ஏதாவது? நகப்பூச்சு இருந்தாலும்..."
அலமாரியின் அடியிலிருந்து எடுத்து வந்தாள்,
சிவப்பு. யாருக்காக வாங்கியதோ, கேட்கவில்லை.
அடுப்பருகே அது உலரும்வரை
வாணலியில் நான்கு பிளக்கும்
கடலைபோல் வறுபட்டன.
தேநீர் தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பூட்டி முடித்ததும் சோக்கை உள்ளே தள்ளினேன்.
"இப்போது மிதி. அடிவரை மிதித்து, பிடித்துக்கொள்."
"மிதிக்கக்கூடாது என்றாயே?"
உத்தரத்திடம் சொன்னது இவளுக்கு எப்படிக் கேட்டது?
அவ்வளவு சத்தமாகவா சொன்னேன்?

ஒரு சுற்று. இரண்டு. ஒரு இருமல்,
கரும்புகை, பின்னும் ஒரு இருமல்,
பிறகு நான்கு சிலிண்டரும் ஒரே வாக்கியமாக.

கண்ணாடியை இறக்கினாள். நன்றி வரும் என்று நின்றேன்.
"அந்தச் சுவர்
இப்போதும் என் நிலத்தில்தான் இருக்கிறது."
"நாடா சரியில்லை" என்றேன்.

வாலில் புகையோடு பள்ளிக்கூடத் தெருவில் திரும்பினாள்.
என் விரல் நுனியில் கொஞ்சம் சிவப்பு.

மறுநாள் ஐந்தரைக்கே விழித்துக் கிடந்தேன்.
இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொண்டது.
நகப்பூச்சு ஒரு மாதம் தாங்கும்;
புது மூடி வாங்கச் சொல்ல வேண்டும்.
உத்தரத்திடம் சொன்னேன்,
கொஞ்சம் உரக்க.